பச்சை டிக் என்கிற பச்சைப் பொய்

இந்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரைப் பற்றிப் புலம்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் போன சனிக்கிழமை நடந்த ஒரு விஷயம் மண்டைக்குள் கொசு மாதிரி ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது. அதைக் கொட்டினால்தான் தூக்கம் வரும். கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் கொஞ்சம் டெக்னிக்கலாகவும் போகும். பி.காம் படிக்கிற எனக்கே புரிந்த விஷயம், உங்களுக்குப் புரியாமல் போகாது. பயப்படாமல் வாருங்கள் :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நாங்க மெயில் அனுப்பிட்டோம், உங்களுக்கு வரலைன்னா ஸ்பேம்ல பாருங்க" என்று சொல்கிற ஒவ்வொரு ஆபீசும், பத்தில் ஒன்பது தடவை, தன் வீட்டுக் குப்பையை அடுத்தவன் வாசலில் கொட்டுகிறது. மெயில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது அனுப்புகிறவன் வேலை. போய்ச் சேராததற்கான தண்டனையும் அவனுக்குத்தான். கீபோர்டில் பட்டனைத் தட்டிய ஊழியருக்கும் அல்ல, மறுமுனையில் காத்திருந்தவருக்கும் அல்ல.

இனி கதை.

மாமல்லபுரத்தில் ஒரு சின்ன விடுதி. பெயர் வேண்டாம். சனி, ஞாயிறு செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போய், அங்கே டேலியில் கணக்கு எழுதுகிறேன். செமஸ்டர் ஃபீஸில் ஒரு பகுதி அதில்தான் தேறுகிறது. ரிசப்ஷனில் ஒரு அக்கா இருக்கிறார். ஆறு வருஷமாக அதே நாற்காலி. வாடிக்கையாளர் பெயரை ஒரு தடவை கேட்டால் மறக்காதவர்.

டிசம்பர் சீசனுக்கு ஒரு வெளிநாட்டுக் குழு ஒன்பது அறைகள் கேட்டு மெயில் போட்டிருந்தது. நான்கு இரவு. சின்ன விடுதிக்கு அது பெரிய ஆர்டர். அக்கா அன்றைக்கே புக்கிங் சாஃப்ட்வேரில் 'உறுதி செய்' பட்டனை அழுத்தினார். திரையில் பச்சை டிக். 'மெயில் அனுப்பப்பட்டது'. அவர்கள் மறுபடியும் கேட்டு எழுதினார்கள். அக்கா மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் பச்சை டிக். மூன்றாவது மெயிலில் அவர்கள், "பதிலே இல்லை, கோவளத்தில் வேறு இடம் பார்த்துவிட்டோம்" என்று முடித்துக்கொண்டார்கள்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "ஏம்மா, மூணு மெயிலு வந்திருக்கு, ஒண்ணுக்குக்கூட பதில் போடலியே?"

"போட்டேன் சார். டிக் வந்துச்சு சார்."

"போட்டிருந்தா அவன் ஏன் வரலைங்கிறான்?"

இந்தக் கேள்விக்கு அக்காவிடம் பதில் இல்லை. எப்படி இருக்கும்? சம்பளத்தில் மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு மாதம் பிடித்தம் என்று தீர்ப்பாகிவிட்டது. அந்தப் பிடித்தத்தை டேலியில் எழுத வேண்டிய புண்ணியவான் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் அடியேன்தான்.

எழுதக் கை வரவில்லை. "சார், அந்த மெயில் எங்க போச்சுன்னு பார்க்கலாமா?" என்றேன். "நீதான் கம்ப்யூட்டர்லாம் நோண்டுவியே தம்பி, பாரு" என்றார். பார்த்தேன்.

பின்கட்டில் ஒரு பெட்டி

விடுதிக்கு வருகிற மெயில் வெளியே ஒரு மெயில் சேவையில் இருக்கிறது. அது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. போகிற மெயில் மட்டும், ஸ்டோர் ரூமில் தண்ணீர் கேன்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது. யாரோ ஒரு புண்ணியவான் என்றோ லினக்ஸும் போஸ்ட்ஃபிக்ஸும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன சர்வர். அதற்கு முன்னால் இணைய இணைப்பின் ரூட்டர். அதுதான் கேட்வே. உள்ளே இருக்கிற பெட்டிக்கு 192.168 என்று ஆரம்பிக்கிற வீட்டு எண். வெளி உலகத்துக்குத் தெரிவது ரூட்டரின் எண் மட்டும்.

லாகைத் திறந்தேன். அக்கா அழுத்திய ஒவ்வொரு பட்டனுக்கும் அங்கே ஒரு வரி இருந்தது. தேதி, நேரம், யாருக்கு, என்ன ஆனது, எல்லாம். சர்வர் அனுப்ப முயன்றிருக்கிறது. எதிர்முனை வாசலிலேயே நிறுத்தித் திருப்பியிருக்கிறது, 550 என்று ஆரம்பிக்கிற பதிலோடு. காரணத்தையும் அதே வரியில் சொல்லியிருக்கிறது.

சரி, திரும்பி வந்த கடிதம் எங்கே? பவுன்ஸ் என்று ஒன்று வர வேண்டுமே? வந்திருக்கிறது. புக்கிங் சாஃப்ட்வேர் உறையின் மேல் அனுப்புநராக அக்காவின் முகவரியைப் போடாமல், அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் 'ரூட்' என்ற கணக்கின் பெயரைப் போட்டிருக்கிறது. திரும்பி வந்த அத்தனை கடிதமும் அந்த ரூட் அஞ்சல் பெட்டியில் அடுக்கி வைத்த மாதிரி கிடக்கிறது. அப்படி ஒரு பெட்டி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆறேழு மாதக் கடிதங்கள். பெரும்பாலான விருந்தினர்கள் பயண வெப்சைட்டில் புக் செய்கிறார்கள், மீதிப் பேர் வாட்ஸப்பில் கேட்கிறார்கள், சில மெயில்கள் அதிகம் கெடுபிடி இல்லாத சர்வர்களுக்குப் போயும் சேர்ந்திருக்கின்றன. அதனால் யாருக்கும் உறைக்கவில்லை.

ஆக, அக்கா சொன்னது உண்மை. முதலாளி சொன்னதும் ஒரு வகையில் உண்மை. பொய் சொன்னது பச்சை டிக் மட்டும்தான். 'அனுப்பப்பட்டது' என்று அது சொன்னதன் உண்மையான அர்த்தம், 'பக்கத்து அறைப் பெட்டியில் போட்டுவிட்டேன்' என்பதுதான்.

உன் பேர் என்ன?

ஏன் திருப்பினார்கள்? இங்கேதான் கொஞ்சம் டெக்னிக்கல்.

மாமல்லபுரம் என்று எழுதினாலும், மகாபலிபுரம் என்று எழுதினாலும், 603104 என்று பின்கோடு மட்டும் சரியாக இருந்தால் தபால் வந்துவிடும். தபால்காரர் மனுஷன். இரண்டும் ஒரே ஊர் என்று அவருக்குத் தெரியும். யுனெஸ்கோவே 1984-இல் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் 'மகாபலிபுரம்' என்றுதான் சேர்த்தது. யாரும் வழி தவறிப் போய்விடவில்லை.

மெயில் சர்வர் மனுஷன் அல்ல. ஒரு சர்வர் இன்னொன்றின் கதவைத் தட்டியதும் முதலில் வணக்கம் வைத்துத் தன் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் ஹோஸ்ட்நேம். 1982-இல் வந்த முதல் எஸ்.எம்.டி.பி. விதி தொட்டு இந்த மரியாதை உண்டு. கேட்கிற சர்வர் மூன்று விஷயம் பார்க்கும். நீ சொல்கிற பெயர் முழுமையான பெயரா? நீ வந்திருக்கிற எண்ணுக்கு டி.என்.எஸ்.ஸில் ஒரு பெயர் பதிவாகியிருக்கிறதா? அந்தப் பெயரைத் திருப்பித் தேடினால் அதே எண் வருகிறதா? எண்ணிலிருந்து பெயருக்குப் போகிற இந்தப் பதிவுக்கு பி.டி.ஆர். என்று பெயர்.

எங்கள் பெட்டி என்ன பெயர் சொன்னது தெரியுமா? 'லோக்கல்ஹோஸ்ட்.லோக்கல்டொமைன்'. அதாவது, ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவன் உங்கள் கதவைத் தட்டுகிறான். "யாருப்பா?" என்று கேட்டால் "நான்தான்" என்கிறான். திறப்பீர்களா?

இத்தனைக்கும் அது முதல் நாளிலிருந்தே 'நான்தான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. முன்பு போனது, இப்போது மட்டும் ஏன் போகவில்லை? விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. கோடையில் இணைய இணைப்பை மாற்றியிருக்கிறார்கள். பழைய இணைப்பில் நிலையான ஐ.பி. எண் இருந்தது. அதற்கு விடுதியின் பெயரில் பி.டி.ஆர். பதிவும் இருந்தது. புதியதில் நிலையான எண்ணுக்குத் தனிக் கட்டணம். "அதெல்லாம் எதுக்கு?" என்று முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். மாதம் சில நூறு ரூபாய் மிச்சம். சொல்கிற பெயர் தப்பாக இருந்தும் எண்ணுக்காவது ஒரு பெயர் இருந்ததால் அதுவரை விட்டுக்கொண்டிருந்த பெரிய சர்வர்கள், அன்றிலிருந்து கதவைச் சாத்திவிட்டன.

இன்னொரு வேடிக்கையும் இருந்தது. பழைய மோடத்தில் இருந்த மாதிரியே புதிய ரூட்டரிலும் 25-ஆம் போர்ட்டை வெளியிலிருந்து உள்ளே திறந்து வைத்திருந்தார்கள். இந்த ரூட்டரோ, வெளியிலிருந்து வருகிற எவனையும் தன் சொந்த உள் எண்ணை மாட்டி உள்ளே அனுப்பியது. உள்ளே இருக்கிற போஸ்ட்ஃபிக்ஸ், 'ஓ, நம்ம வீட்டு ஆள்' என்று நம்பி, யார் எங்கே அனுப்பச் சொன்னாலும் அனுப்பியது. இதற்குத் திறந்த ரிலே என்று பெயர். ஒரு காலத்தில் எல்லா மெயில் சர்வரும் இப்படித்தான் ஊருக்கு உபகாரமாக இருந்தன. குப்பை மெயில் பெருகியதும் அந்த உபகாரம் ஆபத்தாகி, சென்ட்மெயில் 1998-இல் வந்த 8.9 பதிப்பிலிருந்து தானாகவே ரிலேயை மூடி வைத்தது. எங்கள் ஸ்டோர் ரூமில் அது மறுபடி திறந்து கிடந்தது. விடுதியில் யாருமே எழுதாத கடிதங்கள் லாகில் இருந்தன. வாட்ச்மேனே திருடனுக்குச் சீருடை மாட்டி உள்ளே அனுப்பினால், வீட்டுக்காரனை யார் நம்புவார்கள்?

சரிசெய்ய இரண்டு ராத்திரி ஆனது. முதலில் அந்த 25-ஆம் வாசலை மூடினேன். பெட்டிக்கு ஒழுங்கான பெயர் வைத்தேன். அப்படியும் மறுத்தார்கள், எண்ணுக்குப் பெயர் இல்லை என்று. வருகிற மெயில் இருக்கிற சேவையின் வழியாகவே போகிற மெயிலையும் ரிலே செய்யலாம் என்று மாற்றினேன். 'ரிலே அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தது. நியாயம்தானே, நான் யார் என்று சொல்லவே இல்லையே! 587-ஆம் போர்ட்டில் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்ததும் ஏற்றுக்கொண்டது. அடுத்து, உறையின் மேல் இருந்த ரூட் பெயரை எடுத்துவிட்டு விடுதி முகவரியைப் போட்டேன். கடைசியாக, இந்த டொமைனின் பெயரில் யார் யார் அனுப்பலாம் என்று அறிவிக்கிற எஸ்.பி.எஃப். பதிவில் அந்த மெயில் சேவையைச் சேர்த்தேன். போய்ச் சேர்ந்தது. ஆன செலவு, டீ உட்பட, அக்காவின் ஒரு மாதப் பிடித்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதை பி.காம் கண்ணோடு பாருங்கள்

கிளாஸ்மேட்டுகளே, இது உங்களுக்கு. பதினொன்றாம் வகுப்பில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? செக் கொடுத்த அன்றே நம் ரொக்க ஏட்டில் வரவு எழுதிவிடுவோம். பேங்க் பாஸ்புக்கில் அது ஏறுவது வேறு நாள். சில சமயம் ஏறவே ஏறாது, திரும்பி வரும். அதனால்தான் இரண்டையும் வைத்துச் சரிபார்க்கிறோம். செக் திரும்பி வந்தால், 'ரொக்க ஏட்டில் எழுதிட்டேனே' என்று சொல்கிறவனைச் சிரித்தே அனுப்பிவிடுவார்கள்.

பச்சை டிக் ரொக்க ஏடு. சர்வர் லாக்தான் பாஸ்புக். நம் ஊரில் எத்தனை ஆபீஸ் பாஸ்புக்கைப் பார்க்கிறது?

வணிகச் சட்டத்துக்கு வருவோம். ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல், 1818. அதே கம்பளி வழக்குதான். கம்பளி விற்கிறோம் என்று கடிதம் எழுதியவர்கள் முகவரியைத் தப்பாக எழுதிவிட்டார்கள். கடிதம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வாங்குகிறவர்கள் அன்றைக்கே சம்மதம் என்று தபால் போட்டார்கள். அது வந்து சேர்வதற்குள் விற்பவர்கள் பொறுமை இழந்து வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். வழக்கில் தோற்றது யார்? முகவரியைத் தப்பாக எழுதியவர்கள். சம்மதம் தபாலில் சேர்ந்த கணமே ஒப்பந்தம் உண்டாகிவிட்டது, தாமதத்துக்குக் காரணம் உங்கள் தவறு என்று நீதிமன்றம் சொன்னது. இருநூறு வருஷம் முன்னாலேயே தீர்ந்துபோன கேள்வி இது. பெயரிலும் முகவரியிலும் தப்பு செய்தவன்தான் நஷ்டத்தைச் சுமக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் தெளிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 13. ஒரு மின்னணு ஆவணம் எப்போது 'அனுப்பப்பட்டது' ஆகும்? வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, அனுப்புநரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிற ஒரு கணினி வளத்துக்குள் அது நுழையும்போதுதான். மறுபடி படியுங்கள். கட்டுப்பாட்டுக்கு வெளியே. ஸ்டோர் ரூமில், சொந்த கேட்வேக்குப் பின்னால், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது? விடுதியின் கட்டுப்பாட்டில். எதிர்முனை வாசலிலேயே மறுத்துவிட்ட கடிதம் எங்கேயும் நுழையவில்லை. ஆக, சட்டத்தின் கண்ணில் அந்த மெயில் அனுப்பப்படவே இல்லை. அனுப்பாதது விடுதி. அக்கா அல்ல.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள், அதுதான் நம்மைச் சுடும். அதே பிரிவின்படி, நீங்கள் இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று குறித்துக் கொடுத்திருந்தால், மெயில் அந்த இடத்துக்குள் நுழைந்ததுமே 'பெறப்பட்டது' ஆகிவிடும். நீங்கள் திறந்து பார்த்தீர்களா என்பது கேள்வியே இல்லை. ஸ்பேம் ஃபோல்டரும் உங்கள் அஞ்சல் பெட்டிக்குள்தான் இருக்கிறது. கட்டணம் கட்டக் கடைசித் தேதி, இன்டர்வியூ அழைப்பு, ரீஃபண்ட் விவரம் என்று எது ஸ்பேமுக்குள் விழுந்தாலும், 'உனக்கு வந்துவிட்டதே' என்று வாதாட அவர்களுக்கு இடம் இருக்கிறது. அவர்கள் சர்வர் தன் பெயரை ஒழுங்காகச் சொல்லாததால் ஸ்பேமில் விழுகிறது, அபராதம் மட்டும் நமக்கு. "ஸ்பேம்ல பாருங்க" என்பதைப் பலரும் உதவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பொறுப்பைக் கைமாற்றுகிற வேலை.

பெயர் போனால் என்ன ஆகும்

பெயரெல்லாம் இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு நம்ம ஏரியா உதாரணமே இருக்கிறது. பொத்தேரிக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டில், வல்லாஞ்சேரி எஸ்டான்சியா வளாகத்தில் ஸோஹோ இருக்கிறது. கோடிக்கணக்கான பேருக்கு மெயிலும் ஆபீஸ் சாஃப்ட்வேரும் கொடுக்கிற கம்பெனி. 2018 செப்டம்பர் 24 அன்று (அப்போது செங்கல்பட்டு தனி மாவட்டம்கூட ஆகவில்லை, காஞ்சிபுரம் மாவட்டம்தான்) ஸோஹோ.காம் என்கிற பெயரையே அமெரிக்கப் பதிவாளர் நிறுவனமான டியராநெட் முடக்கிவிட்டது. யாரோ ஸோஹோ மெயிலைப் பயன்படுத்தி ஃபிஷிங் செய்கிறார்கள் என்று வந்த புகார்கள்தான் காரணம். சர்வர்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மின்சாரம் இருந்தது. ஊழியர்கள் இருந்தார்கள். பெயர் மட்டும் இல்லை. உலகம் முழுக்க வாடிக்கையாளர்களால் உள்ளே போக முடியவில்லை.

ஸ்ரீதர் வேம்பு என்ன செய்தார்? ட்விட்டரில் வெளிப்படையாக, இப்படி ஆகிவிட்டது, அந்தப் பதிவாளர் நிறுவனத்தின் மேலிடத்தை எட்ட உதவுங்கள் என்று எழுதினார். பிரச்சினை தீர்ந்ததும் என்ன நடந்தது என்று விளக்கினார்கள், டொமைனை கிளவுட்ஃபிளேருக்கு மாற்றினார்கள். நான் ஸோஹோ ரசிகர் மன்றத் தலைவன் அல்ல. ஒரே ஒரு விஷயத்தைத்தான் சுட்டிக் காட்டுகிறேன். 'எங்க சர்வர்ல டிக் வந்துச்சே, உங்க பக்கம்தான் ஏதோ' என்று வாடிக்கையாளரிடம் சொல்லவில்லை. கஸ்டமர் சப்போர்ட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணின் சம்பளத்தைப் பிடித்துக் கணக்கு முடிக்கவில்லை.

'ஆனா பாஸ்...' என்று வருகிறவர்களுக்கு

எதிர்வாதங்கள் வரும், தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பெரிய கம்பெனிகள்தான் அடாவடி செய்கின்றன. சின்னவன் சொந்த சர்வர் வைக்கவே விடுவதில்லை." இதில் நிறைய உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. வணக்கம் சொல்கிற பெயர் எண்ணோடு பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கடிதத்தை மறுக்கக் கூடாது என்று 2008-இல் வந்த எஸ்.எம்.டி.பி. விதியே சொல்கிறது. நடைமுறையில் எத்தனையோ பேர் மறுக்கிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள், ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்கும் எண்-பெயர் பதிவு இரு திசையிலும் பொருந்த வேண்டும், எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், கூடவே டி.மார்க்கும் வேண்டும். ஒரு சில கம்பெனிகள் இணையத்தின் வாசலில் நின்று டோல்கேட் போடுவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அவர்களிடம் காட்டுங்கள். அக்காவின் 3,000 ரூபாயில் காட்டாதீர்கள். டோல்கேட்டில் வண்டி நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகும் 'சரக்கு டெலிவரி ஆகிவிட்டது' என்று எழுதினால் அது பொய்க் கணக்கு.

"சின்ன ஆபீஸ், ஐ.டி. ஆள் வைக்க முடியுமா?" வைக்க வேண்டாம். சொந்தப் பெட்டியை மூடிவிட்டு, வேலை தெரிந்த ஒரு மெயில் சேவையிடம் கொடுங்கள். அதுவும் ரிலேதான், ஆனால் பெயர் உள்ள ரிலே. டேலி தெரியாத முதலாளி அக்கவுண்டன்ட் வைத்துக்கொள்வதில்லையா? 'எனக்குக் கணக்குத் தெரியாது, அதனால் வரி கட்டவில்லை' என்று ஆபீசரிடம் சொல்லிப் பாருங்களேன்.

"லாகெல்லாம் யாருக்குப் புரியும்?" இதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருகிற வாதம். நான் பி.காம். கோடிங் தெரியாது. திரும்பி வந்த கடிதத்தில் 'உங்கள் எண்ணுக்குப் பெயர் பதிவு இல்லை' என்று நேராக எழுதியிருந்தது. புரியாமல் போனதால் யாரும் படிக்காமல் விடவில்லை. படிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. ஊழியரைத் திட்டுவது லாகைத் திறப்பதைவிட சுலபம், அவ்வளவுதான்.

கேட்பது அதிகமில்லை

ஒன்று. சாஃப்ட்வேர் எழுதும் நண்பர்களே, அந்தப் பச்சை டிக்கை எடுங்கள். 'வரிசையில் இருக்கிறது', 'எதிர் சர்வர் ஏற்றுக்கொண்டது', 'திரும்பிவிட்டது' என்று மூன்று நிலைகளை உண்மையாகக் காட்டுங்கள். அந்தத் தகவல் லாகில் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டு. திரும்பி வருகிற கடிதம் மனுஷன் பார்க்கிற பெட்டிக்கு வர வேண்டும். ரூட்டுக்கு அல்ல.

மூன்று. இணைய இணைப்பையோ ரூட்டரையோ மாற்றினால், அன்றைக்கே ஜிமெயிலுக்கு ஒன்று, வேறு ஒரு சேவைக்கு ஒன்று என்று அனுப்பிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

நான்கு. இதுதான் முக்கியம். லாகைப் பார்க்காமல் யாரையும் தண்டிக்காதீர்கள். வவுச்சர் இல்லாமல் பத்து ரூபாய் டீச் செலவு எழுதினால் ஆடிட்டர் விடுவாரா? ஒருத்தருடைய சம்பளத்தைப் பிடிக்க மட்டும் வவுச்சர் வேண்டாமா?

மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தை ராத்திரியில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் விட்டு விட்டு மின்னுகிற கணக்கு வேறு வேறு. கடலில் இருக்கிறவன் அதை வைத்துத்தான் இது எந்த ஊர் என்று தெரிந்துகொள்கிறான். விளக்கு தப்பாக மின்னிக் கப்பல் தரை தட்டினால், 'கப்பல்காரன் கண்ணைக் கழுவிப் பார்த்திருக்கணும்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மெயிலுக்கு மட்டும் சொல்கிறார்கள்.

கதையின் முடிவைக் கேட்பீர்கள். லாகைப் பிரிண்ட் எடுத்து, அக்கா பட்டன் அழுத்திய வரிகளுக்கெல்லாம் மஞ்சள் அடித்து, போன சனிக்கிழமை முதலாளி மேஜையில் வைத்தேன். கோடையில் இணைப்பு மாற்றிய ரசீதையும் பக்கத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, அடுத்த மாசம் பிடிக்க வேணாம்" என்றார். "பிடிச்சது சார்?" என்றேன். "பார்க்கலாம் தம்பி" என்றார்.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். "விடு தம்பி, நான் அனுப்பினேன்னு அவருக்குத் தெரிஞ்சுதில்ல, அது போதும்" என்றார்.

அவருக்குப் போதும். எனக்குப் போதாது. அந்த 3,000 ரூபாயை இன்னும் செலவில் எழுதவும் இல்லை, வரவில் எழுதவும் இல்லை. டேலியில் சஸ்பென்ஸ் கணக்கில் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் ஒவ்வொரு மாதமும் டிரையல் பேலன்ஸில் அது வந்து நிற்கும். முதலாளி ஒவ்வொரு மாதமும் "இது என்ன தம்பி?" என்று கேட்பார். நானும் ஒவ்வொரு மாதமும் சொல்வேன்.

பி.கு: உங்களுக்கும் எங்காவது 'ஸ்பேம்ல பாருங்க' என்று பதில் வந்தால், சும்மா திரும்பி வராதீர்கள். "உங்க சர்வர் லாக்ல எங்களோட சர்வர் என்ன பதில் சொல்லிச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே ;-)